நள்ளிரவில் நடந்த போதகர்கள்

சாவு வீட்டுக்கென்று ஒரு மரியாதை உண்டு. ஜன்மப் பகையாளியாக இருந்தாலும் சரி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கோபத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான். எந்தத் தேசத்திலும் எந்த மதத்திலும் இதுதானே வழக்கம்?

அந்த மரியாதை ஒரு நாள் மீறப்பட்டது. அதுவும் கோயிலுக்குள்ளேயே!

1992-ம் வருஷம் மே மாதம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள பாஸ்டன் நகரம். அங்கே மாட்டப்பான் என்ற பேட்டையில் 'மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட்' தேவாலயம். கொலையுண்ட ஓர் இளைஞனுக்காகச் சவ அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. உற்றார் உறவினர் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஒரு கோஷ்டியைச் சேர்ந்த வாலிபர்கள் எதிர்க் கோஷ்டிப் பையன் ஒருவனை அங்கே கண்டுவிட்டார்கள். அவ்வளவுதான்! ஆராதனை நடக்கும்போதே அவனை அடித்தார்கள், கத்தியால் குத்தினார்கள். துப்பாக்கியும் வெடித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் உயிருக்குப் பயந்து சிதறினார்கள்.

குத்துப்பட்ட பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட பாஸ்டன் நகரத்துப் போதகர்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. "தெருவில் நடக்கும் சண்டை தெருவோடு போகும் என்றிருந்தோம். இப்போது அது பலிபீடம் வரை வந்துவிட்டதே! நாம் தெருவுக்குப் போகாததனால் அல்லவா தெரு நம்மைத் தேடி வந்துவிட்டது?" இதுதான் அவர்களை அரித்த கேள்வி.

குழந்தைகள் கையில் துப்பாக்கி

அந்தக் காலத்துப் பாஸ்டனின் நிலையைச் சொன்னால் இந்தக் கேள்வியின் வேதனை புரியும். 1980-களின் பிற்பகுதியில் 'கிராக்' என்ற மலிவான போதைச் சரக்கு நகரத்துக்குள் புகுந்தது. அதை விற்பதற்கு மூலைக்கு மூலை பையன்கள். விற்கும் மூலையைக் காப்பாற்றத் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கிக்குப் பயந்து அடுத்த தெருப் பையன் கையிலும் ஒரு துப்பாக்கி! 1990-ம் ஆண்டில் மட்டும் அந்த நகரத்தில் 152 கொலைகள் நடந்தன. ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டப்பான் ஆகிய பேட்டைகளில் வசித்த கறுப்பின மக்களின் குடும்பங்களே பெரும்பாலும் இதற்குப் பலியாயின. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வரும்வரை தாயாருக்கு உயிர் உயிராக இராது.

போலீசாரை நம்பலாமா என்றால் அதுவும் இல்லை. 1989-ல் ஒரு வெள்ளைக்காரர் தம் கர்ப்பிணி மனைவியைக் கறுப்பர் ஒருவர் சுட்டுவிட்டதாகப் புகார் செய்தார். போலீசார் கறுப்பின மக்கள் வசித்த பகுதிகளில் புகுந்து, கண்ணில் பட்ட வாலிபர்களையெல்லாம் நிறுத்திச் சோதனை போட்டார்கள். சில மாதங்களில் உண்மை வெளிவந்தது. கொலைக்குக் காரணம் அந்தக் கணவரேதான்! அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்ட இருவரிடம் நகர மேயர் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2023-ல்! இப்படிப்பட்ட மனக்காயம் இருக்கும்போது, எந்தத் தாய் தன் மகனைப் பற்றிப் போலீசிடம் வாய் திறப்பாள்?

வெள்ளிக்கிழமை இரவு

ஆராதனையில் ரத்தம் சிந்திய அதே 1992-ல் சில போதகர்கள் கூடி 'டென் பாயிண்ட் கூட்டணி' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். பத்து அம்சங்கள் கொண்ட திட்டம் தீட்டியதால் அந்தப் பெயர். ஒவ்வொரு சபையும் ஒரு கோஷ்டியைத் தத்து எடுத்துக்கொள்வது. கோர்ட்டில் நிறுத்தப்படும் சிறுவர்களுக்குத் துணையாக ஆள் அனுப்புவது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவி செய்வது முதலியவை அதில் இருந்தன.

திட்டம் எழுதுவது சுலபம். நடப்பதுதான் கஷ்டம். அவர்கள் உண்மையாகவே நடந்தார்கள்! வெள்ளிக்கிழமைதோறும் இரவு பத்து மணிக்குமேல் வீதிக்கு வந்து, பின்னிரவு வரையில் டார்செஸ்டரின் தெரு மூலைகளில் சுற்றினார்கள்.

இவர்களில் முக்கியமானவர்கள் சிலர். ஜெஃப்ரி பிரௌன் என்பவர் பாப்டிஸ்ட் சபைப் போதகர். ஆரம்பத்தில் அவரும் மற்றவர்களைப் போல மேடையில் வன்முறையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர்தான். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் நல்லவர்கள். கேட்க வேண்டியவர்களோ வெளியே நின்றார்கள்!

யூஜீன் ரிவர்ஸ் டார்செஸ்டரிலேயே குடியிருந்த போதகர். 1991-ல் அவருடைய வீட்டின் மீதே குண்டுகள் பாய்ந்தன. வேறு யாராவது இருந்தால் மறுநாளே பெட்டி படுக்கையைக் கட்டியிருப்பார்கள். அவரும் அவர் மனைவி ஜாக்குலினும் அங்கேயே இருந்தார்கள். போதைச் சரக்கு விற்ற ஓர் இளைஞன் தம்மிடம் சொன்னதை ரிவர்ஸ் பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். பையன் பள்ளிக்கூடம் போகும்போதும், அம்மாவுக்கு ரொட்டி வாங்கக் கடைக்குப் போகும்போதும், திரும்பி வரும்போதும் மூலையில் நிற்பது யார்? போதகர் அல்ல, சரக்கு விற்கிறவன்தான். கூட இருக்கிறவனிடம் பிள்ளை போய்ச் சேருவதில் ஆச்சரியம் என்ன?

ரே ஹாமண்ட், குளோரியா வைட் ஹாமண்ட் தம்பதிகளின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. இருவரும் டாக்டர்கள், இருவரும் போதகர்கள்! 1988-ல் பெத்தேல் என்ற சபையைச் சேர்ந்து தொடங்கினார்கள். கணவர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். மனைவியோ குழந்தை வைத்தியர். நோய்க்கு மருந்து கொடுத்து வளர்த்துவிடுகிற குழந்தையைப் பதினைந்து வயதில் குண்டுக்குப் பறிகொடுப்பதா? ஆண் பிள்ளைகளைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்தபோது குளோரியா பெண் குழந்தைகளை நினைத்தார். மனத்தில் உள்ளதை எழுத்தில் கொட்டுவதற்காக 1994-ல் சிறுமிகளுக்கு ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பை ஆரம்பித்தார்.

வாயை மூடிக் காதைத் திறந்து

முதல் சில வாரங்கள் மூலையில் நின்ற பையன்கள் இவர்களை ஏற இறங்கப் பார்த்தார்கள், பேசவில்லை. எத்தனையோ பேர் வந்து போட்டோ பிடித்துக்கொண்டு போனதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இவர்களும் இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள் என்றே எண்ணினார்கள்.

இவர்கள் ஓயவில்லை. மழையிலும் பனியிலும் வந்தார்கள். வந்து பிரசங்கம் செய்யவில்லை. அதுதான் விசேஷம்! "என்னப்பா, சாப்பிட்டாயா? வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்கிற மாதிரிப் பேச்சுத்தான். கேட்கக் கேட்கப் பையன்கள் வாய் திறந்தார்கள். பத்திரிகைகளில் ராட்சதர்களாக வர்ணிக்கப்பட்டவர்களில் பலர், இருட்டுக்குப் பயந்து துணைக்குத் துப்பாக்கி வைத்துக்கொண்ட குழந்தைகளே என்று போதகர்கள் தெரிந்துகொண்டார்கள்.

இரவு நேரத்தில் அதே தெருக்களில் போலீசாரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் இரு தரப்பாருக்கும் ஆகவில்லை. ஆனால் ஒரே பையனைக் காப்பாற்ற ஒரே மூலையில் அடிக்கடி சந்தித்தால் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? மெள்ள மெள்ள ஓர் உடன்பாடு ஏற்பட்டது. திருந்தக்கூடிய பிள்ளையைப் போதகர்களிடம் விட வேண்டும். திருந்தவே மாட்டேன் என்று சுட்டுக்கொண்டு திரிகிறவனைப் பிடித்தால் போதகர்கள் குறுக்கே நிற்க மாட்டார்கள். போலீசார் வரம்பு மீறினாலோ, அதைத் தட்டிக் கேட்கவும் இவர்கள் தயங்க மாட்டார்கள்.

1,300 பேர்

இந்தச் சமயத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். நகரம் முழுவதையும் நடுங்க வைத்தவர்கள் 61 கோஷ்டிகளைச் சேர்ந்த சுமார் 1,300 வாலிபர்களே! அந்த வயதினரில் இது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இளைஞர் கொலைகளில் நூற்றுக்கு 60-க்குக் குறையாமல் இவர்களைச் சுற்றியே நடந்தது. அப்படியானால் ஒரு பேட்டை முழுவதையும் சந்தேகிப்பதில் அர்த்தம் என்ன? அந்த 1,300 பேரை முகம் பார்த்துப் பேசினால் போதுமே!

1996-ல் அப்படியே செய்தார்கள். கோஷ்டி வாலிபர்களை அழைத்து ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். எதிரே போலீஸ் அதிகாரிகள், அரசாங்க வக்கீல்கள், நன்னடத்தை அதிகாரிகள், சமூக ஊழியர்கள், போதகர்கள். "இனி ஒரு கொலை நடந்தால் சுட்டவனோடு நிற்காது, கோஷ்டி முழுவதன்மேலும் சட்டம் பாயும்" என்று ஒரு பக்கம் எச்சரிக்கை. "நீங்கள் எங்கள் பிள்ளைகள். உங்களைப் புதைக்க எங்களுக்கு மனமில்லை. படிப்பு வேண்டுமா, வேலை வேண்டுமா, கேளுங்கள்" என்று மறு பக்கம் ஆதரவு. அப்பா கண்டிக்க, அம்மா அணைக்க வளரும் வீட்டுப் பிள்ளையின் கதைதான்!

பலன்? மாதந்தோறும் நடந்துவந்த இளைஞர் கொலைகள் நூற்றுக்கு 63 வீதம் குறைந்தன. 1990-ல் 152 கொலைகளைக் கண்ட நகரத்தில் 1999-ல் நடந்தவை 31. பத்திரிகைகள் இதைப் 'பாஸ்டன் அற்புதம்' என்று கொண்டாடின. புகழில் போதகர்களுக்கு எவ்வளவு, போலீசாருக்கு எவ்வளவு, காலத்தின் மாறுதலுக்கு எவ்வளவு என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பிழைத்த பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த வாதத்தில் அக்கறை இராது.

ஒரு தாயின் தவம்

பிழைக்காத பிள்ளைகளும் உண்டே! 1993-ம் வருஷம் டிசம்பர் 20-ம் தேதி, லூயி பிரௌன் என்ற 15 வயதுப் பையன் டார்செஸ்டரில் நடந்து போய்க்கொண்டிருந்தான். அமெரிக்காவின் முதல் கறுப்பின ஜனாதிபதியாக வேண்டும் என்பது அவன் கனவு. அன்று அவன் புறப்பட்டது ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு. அதை நடத்தியவர்கள் யார் தெரியுமா? கோஷ்டிச் சண்டையை எதிர்க்கும் சிறுவர் சங்கத்தார்! யாரோ யாரையோ சுட்ட குண்டு வழியில் அவனைக் கொன்றது.

அவன் தாயார் க்ளமெண்டினா செரி அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1994-ல் மகன் பெயரால் சமாதான நிலையம் ஒன்றை நிறுவினார். கொலை நடந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். சவப்பெட்டிக்கு யாரிடம் சொல்வது, அடக்கச் செலவுக்கு எங்கே போவது, விசாரிக்க வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, தம்பி தங்கைகளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? இவை எல்லாவற்றிலும் அந்த நிலையத்தார் கை கொடுக்கிறார்கள். அதைவிடப் பெரிது மற்றொன்று. கொன்றவனின் குடும்பத்துக்கும் அங்கே இடமுண்டு. அவனைப் பெற்றவளும் ஒரு தாய்தானே! அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே! இப்படி நினைக்க எத்தனை பெரிய மனம் வேண்டும்! பின்னாளில் அந்த அம்மையார் சமய ஊழியராகவும் அபிஷேகம் பெற்றார்.

1996 முதல் ஆண்டுதோறும் மே மாதம் அன்னையர் தினத்தன்று இந்த நிலையத்தார் டார்செஸ்டரில் சமாதான நடைப்பயணம் நடத்துகிறார்கள். இறந்த மகனின் படம் பதித்த வில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டு தாய்மார் ஆயிரக்கணக்கானவர்களோடு நடக்கிறார்கள். மற்றத் தாய்மாருக்குப் பூச்செண்டு வரும் நாளில் தங்களுக்கு வராத குறையை இப்படி நடந்தே ஆற்றிக்கொள்கிறார்கள்.

அற்புதம் அல்ல

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் 2000-க்குப் பிறகு, "காரியம் முடிந்துவிட்டது" என்ற எண்ணத்தில் பலரும் கையை விட்டார்கள். உதவிப் பணம் குறைந்தது. கூட்டு முயற்சி தளர்ந்தது. தலைவர்களுக்குள் மனத்தாங்கல்கள் வேறு. விளைவு, 2005-ல் கொலைகள் மறுபடி 70-ஐத் தாண்டின. விழித்துக்கொண்டவர்கள் சில ஆண்டுகளில் பழைய ஏற்பாட்டை மீண்டும் தொடங்கினார்கள். போதகர்கள் மறுபடி தெருவில் இறங்கினார்கள். 2024-ல் நகரம் முழுவதிலும் நடந்த கொலைகள் 24. பல பத்தாண்டுகளாகப் பாஸ்டன் கண்டிராத குறைந்த தொகை இது.

ஆகவே அதை அற்புதம் என்று சொல்வதே பொருந்தாது. அற்புதமாக இருந்தால் ஒரு முறை நடந்தால் போதும். இதுவோ வாசல் தெளிப்பது போன்ற வேலை. நேற்றுத் தெளித்தோமே என்று இன்று சும்மா இருக்க முடியுமா? பிள்ளைகள் நிற்கும் மூலைக்குப் பெரியவர்கள் ஒரு நாள் வராமல் போனால் போதும். அந்த இடத்தில் வந்து நிற்பதற்கு வேறு ஒருவன் எப்போதும் காத்திருக்கிறான்.