யாழ்ப்பாண இராச்சியத்தின் சேது நாணயங்கள்

மாணவர்களே, ஓர் அரசு அழிந்த பின்னரும் அதன் நாணயங்கள் மண்ணில் எஞ்சுகின்றன. அவற்றை இனங்காணத் தெரிந்தால் எழுதப்பட்ட வரலாறு கூறாத செய்திகளையும் அறியலாம். 13ஆம் நூற்றாண்டு முதல் 1619இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை நிலைத்த யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்பு நாணயங்கள் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

இனங்காணும் அடையாளங்கள்

1. முற்பக்கம்: நிற்கும் மனித உருவம். இது மன்னனைக் குறிக்கும்.
2. பிற்பக்கம்: படுத்திருக்கும் எருது (நந்தி). அதன் மேலே பிறை. மன்னர்கள் சைவர்கள் என்பதை இது காட்டுகிறது. நந்தி அவர்களின் கொடிச் சின்னமுமாகும்.
3. எழுத்து: நந்தியின் கீழே தமிழில் "சேது" என்னும் சொல்.

பொலன்னறுவைக் கால நாணயங்களுடன் ஒப்பிடுக

முற்பக்கத்தில் நிற்கும் உருவம் இரண்டிலும் உண்டு. எனவே சேது நாணயம் முன்னைய இலங்கை நாணய மரபைத் தழுவியது எனலாம். வேறுபாடுகள் பிற்பக்கத்திலேயே உள்ளன. பொலன்னறுவைக் கால நாணயத்தில் அமர்ந்திருக்கும் உருவமும் நாகரி எழுத்தில் மன்னனின் பெயரும் காணப்படும். பராக்கிரமபாகு, லீலாவதி முதலியோரின் நாணயங்களை நாம் பெயரைக் கொண்டே அறிகிறோம். சேது நாணயத்தில் நந்தியும் தமிழ் எழுத்தும் உள்ளன. ஆனால் மன்னனின் பெயரோ ஆண்டோ இல்லை.

இவை யாருடைய நாணயங்கள்?

பெயர் இல்லாமையால் ஒரு சிக்கல் எழுந்தது. "சேது" என்ற சொல்லைக் கொண்டு, இவை இராமநாதபுரச் சேதுபதிகளின் நாணயங்கள் எனச் சில ஆய்வாளர்கள் கருதினர். அக்கருத்து நிலைத்திருந்தால் யாழ்ப்பாண இராச்சியம் தன் சொந்த நாணயங்களையே இழந்திருக்கும். சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் இவை யாழ்ப்பாண மன்னருக்குரியவை என எடுத்துக்காட்டினார். இம்முடிவுக்குத் துணைநிற்கும் சான்றுகள் வருமாறு:

• இந்நாணயங்கள் யாழ்ப்பாணப் பகுதியில் பெருமளவில் கிடைத்துள்ளன.
• கேகாலை மாவட்டத்துக் கோட்டகமக் கல்வெட்டு "சேது" என்ற சொல்லுடன் தொடங்கி, சிங்கைநகர் ஆரியனைக் குறிப்பிடுகிறது.
• ஆரியச்சக்கரவர்த்திகள் "சேதுகாவலன்" என்னும் விருதைக் கொண்டிருந்தனர். சேது என்பது இராமேஸ்வரத்தைச் சார்ந்த புனித தலமாகும்.
• நாணயத்தின் அமைப்பு இலங்கை மரபைச் சார்ந்தது. சேதுபதிகளின் ஆட்சியோ 17ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது.

கவனிக்குக: நாணயத்தில் உள்ள ஒரு சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. கிடைத்த இடம், சின்னம், எழுத்து, கல்வெட்டு ஆகிய நான்கும் ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும்.

பயிற்சி வினா

சேது நாணயங்கள் யாழ்ப்பாண மன்னருக்குரியவை என்பதை நிறுவும் மூன்று சான்றுகளைத் தந்து விளக்குக.

விடைக் குறிப்பு: சான்றைக் கூறுவதுடன் நிறுத்தாது, அது எவ்வாறு முடிவுக்குத் துணைசெய்கிறது என்பதையும் ஒரு வசனத்தில் எழுதுக.