இடமில்லை என்றது டெப்

நோன்புப் பெருநாளுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. உம்மாவின் தையல் மெசினுக்கு ஓய்வே இல்லாத காலம் அது. அபாயா, சல்வார், சின்னப் பிள்ளைகளின் கவுன் என்று துணிப் பொதிகள் கட்டிலின் மேலும் கட்டிலின் கீழும் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் டெப் வேலைநிறுத்தம் செய்தது.

அதற்குக் காரணம் நான்தான். முதல் நாள் இரவு, "புதிய மென்பொருள் தயாராக உள்ளது" என்று திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. பல நாட்களாக வந்துகொண்டிருந்த அறிவித்தல். தொல்லை தீரட்டும் என்று "நிறுவுக" என்பதை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் உம்மா ஒரு வாடிக்கையாளரின் அளவுத் தாளைப் படம் பிடிக்கப் போனபோது, "சேமிப்பகத்தில் இடம் போதாது" என்று வந்தது. வட்ஸ்அப்பில் வந்த துணி மாதிரிகளையும் திறக்க முடியவில்லை.

"மகள், ஒரு போட்டோவும் எடுக்க ஏலாம இரிக்கி. இதுக்கு என்ன செஞ்ச நீ?"

உம்மாவின் குரலில் கோபத்தை விடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. இரண்டு வருடமாக உம்மா அளவுகளைக் கொப்பியில் எழுதுவதில்லை. துண்டுத் தாளில் குறித்து, துணியோடு சேர்த்து வைத்துப் படம் எடுத்துவிடுவார். தோள், கை, உயரம், கொடுக்க வேண்டிய திகதி, முற்பணம் எல்லாம் அந்தப் படங்களில்தான் இருந்தன. என்னுடைய சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களும் அதே டெப்பில்தான்.

பின்னேரம் டெப்பைத் திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ரீசெட் போட்டாத்தான் சரி வரும்" என்றார். உள்ளே இருப்பதெல்லாம் என்னவாகும் என்று கேட்டேன். "எல்லாம் போகும்தான், ஆனா புதுசு மாதிரி வரும்." டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் தகவல் தொழினுட்பப் பாட ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முதலில் சொன்னது ஒரே வசனம்தான்: "பிள்ளை, அழிக்கிறதுக்கு முதல் பார்க்க வேணும்." அடுத்த மூன்று நாட்களில் நான் கற்றுக்கொண்டதையும் நான் விட்ட பிழையையும் இங்கே எழுதுகிறேன். இதே அறிவித்தல் உங்கள் வீட்டு டெப்பிலும் ஒரு நாள் வரும்.

இடம் எங்கே போனது?

எங்கள் டெப்பின் பெட்டியில் 32 கிகாபைற்று என்று அச்சிட்டிருந்தது. அந்த 32 முழுவதும் நமக்குரியதல்ல. முதலாவது, எண்ணும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. உற்பத்தியாளர்கள் ஒரு கிகாபைற்றை நூறு கோடி பைற்றுகளாகக் கணக்கிடுகிறார்கள். நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதோ 1024 மெகாபைற்று ஒரு கிகாபைற்று என்று. அந்தக் கணக்கில் பார்த்தால் 32 என்பது ஏறத்தாழ 29.8 ஆகிவிடும். இரண்டாவது, பணிசெயல் முறைமையும் டெப்போடு வந்த செயலிகளும் அதில் பெரும் பங்கை ஏற்கனவே பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சம்தான் நமது வீடு.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மூன்று காரியங்கள் நடக்கலாம். புதிய பதிப்பு பழையதை விடப் பெரிதாக இருக்கலாம். தரவிறக்கிய பொதியும் நிறுவும்போது உண்டான தற்காலிகக் கோப்புகளும் சில நேரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அத்தோடு, புதிய முறைமைக்கு ஏற்ப அன்ட்ரொயிட் நமது செயலிகளை மீண்டும் ஒருமுறை ஒழுங்குபடுத்தும். அதற்கும் இடம் வேண்டும். எங்கள் டெப்பில் முன்பு 2.6 கிகாபைற்று மீதமிருந்தது. புதுப்பித்த பின் 0.4 மட்டுமே.

கடைக்காரர் சொன்ன ரீசெட்டைப் பற்றியும் டீச்சர் விளக்கினார். அது டெப்பின் உள்ளே நாம் வைத்த அனைத்தையும் துடைத்துவிடும். ஆனால் புதிய மென்பொருளைப் பழையதாக மாற்றாது. பெரிதாகிவிட்ட முறைமை பெரிதாகவே இருக்கும், நமது பொருட்கள் மட்டும் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்த பின்னர், வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய கடைசி வேலை அது.

முதற் படி: மீளத் தொடக்குதல்

மிக இலகுவான வேலையை முதலில் செய்தோம். டெப்பை நிறுத்தி மீளத் தொடக்கி, மின்னேற்றியில் போட்டு ஓர் இரவு முழுவதும் விட்டுவிட்டோம். புதுப்பித்தலின் மிச்ச வேலைகளை டெப் தானாகவே முடித்துக்கொள்ள இந்த அவகாசம் தேவை. காலையில் 0.4 ஆக இருந்தது 0.9 ஆகியிருந்தது. எதையும் அழிக்காமலேயே அரை கிகாபைற்று கிடைத்தது.

இரண்டாம் படி: யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள்?

அமைப்புகளில் "சேமிப்பகம்" என்று ஒரு பக்கம் உண்டு. படங்கள், வீடியோக்கள், செயலிகள், ஆவணங்கள், முறைமை என்று ஒவ்வொன்றும் பிடித்திருக்கும் இடத்தை அது காட்டும். செயலிகள் என்பதைத் தொட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். தம்பி போட்ட இரண்டு விளையாட்டுகளும் யூரியூப்பில் பின்னர் பார்ப்பதற்காக நான் இறக்கி வைத்து மறந்துபோன பாட வீடியோக்களும் முன்வரிசையில் நின்றன. அவற்றை நீக்கியதில் 1.9 கிகாபைற்று கிடைத்தது. தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் படி: துண்டுத் துணியும் அளவுக் கொப்பியும்

ஒரு செயலியின் சேமிப்பகப் பக்கத்துக்குப் போனால் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். ஒன்று இடைமாற்று நினைவகத்தை அழிக்கும். மற்றது தரவை அழிக்கும். சில டெப்களில் இரண்டாவதற்கு "சேமிப்பகத்தை அழி" என்று பெயர். இரண்டும் ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

டீச்சர் சொன்னதை உம்மாவின் தொழிலை வைத்து நான் இப்படி விளங்கிக்கொண்டேன். உம்மா தைக்கும்போது நூலையும் வெட்டுத் துண்டுகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைப்பார். ஒவ்வொரு முறையும் எழும்பிப் போய் எடுக்காமல் இருக்க அது வசதி. மாலையில் அவற்றைக் கூட்டித் தள்ளினாலும் நாளைக்குத் தைக்கலாம். இடைமாற்று நினைவகம் இந்தத் துண்டுத் துணி மாதிரி. அதை அழித்தால் செயலி முதல் தடவை சற்று மெதுவாகத் திறக்கும், பிறகு தேவையானதை மீண்டும் சேர்த்துக்கொள்ளும். தரவு என்பது அளவுக் கொப்பி. அதை எரித்துவிட்டால் யாருக்கு எந்த அளவு என்று தெரியாது. செயலியின் தரவை அழித்தால் அதில் நாம் சேமித்த குறிப்புகள், கணக்கு விபரங்கள், வேறெங்கும் பிரதி இல்லாத அனைத்தும் போய்விடும்.

ஆகவே இடைமாற்று நினைவகத்தை மட்டும் அழித்தேன். 0.7 கிகாபைற்று கிடைத்தது. ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த அது மீண்டும் நிரம்பும். அதனால் இது அவசரத்துக்கு உதவும் வழி, நிரந்தரத் தீர்வல்ல.

நான்காம் படி: வட்ஸ்அப் என்னும் பரண்

உம்மாவின் தையல் இலக்கத்துக்கான வட்ஸ்அப் இந்த டெப்பில்தான் இருக்கிறது. அதன் அமைப்புகளில் "சேமிப்பகமும் தரவும்" என்ற பகுதிக்குள் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பக்கம் ஒன்று உண்டு. பலமுறை முன்னனுப்பப்பட்டவை ஒரு பக்கமும் 5 மெகாபைற்றுக்கு மேற்பட்டவை இன்னொரு பக்கமுமாக அது பிரித்துத் தரும். கீழே எந்தக் குழு, எந்த நபர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்ற பட்டியலும் இருக்கும். எங்கள் குடும்பக் குழு முதலிடம்! ஒரே காலை வணக்கப் படம், ஒரே சமையல் வீடியோ, மூன்று குழுக்களில் இருந்து மூன்று தடவை வந்திருந்தது.

இங்கே அவசரப்படக் கூடாது. பழைய படமொன்றை டெப்பிலிருந்து அழித்துவிட்டால் அதை வட்ஸ்அப்பில் மீண்டும் தரவிறக்க முடியாமல் போகலாம். அதனால் நான் திரையைத் தொட, உம்மா பக்கத்தில் இருந்து "அது வேணாம், அது வேணும்" என்று சொல்லச் சொல்லத்தான் நீக்கினேன். முடிவில் 3.2 கிகாபைற்று மீண்டது. அப்போதே ஊடகங்களைத் தானாகத் தரவிறக்கும் வசதியையும் நிறுத்திவிட்டோம். இப்போது நாம் தொட்டால் மட்டுமே படம் இறங்கும்.

நான் விட்ட பிழை

இவ்வளவும் நன்றாக நடந்ததால் எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. உம்மா சமையலறையில் இருந்த வேளையில், கூகிள் போட்டோஸைத் திறந்து தேவையற்றவை என்று எனக்குப் பட்ட படங்களை மொத்தமாக அழித்தேன். கசங்கிய தாள்களின் மங்கலான படங்கள் வரிசையாக இருந்தன. அவையும் போயின. ஆனால் சேமிப்பகப் பக்கத்தில் மீதமுள்ள இடம் கொஞ்சமும் கூடவில்லை. அது ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"மகள், ரோஸ் கலர் அபாயாட அளவக் கொஞ்சம் எடுத்துத் தாங்க."

கசங்கிய தாள்! எனக்குக் கை விறைத்துப் போனது. அளவுகள் எழுதிய நாற்பது படங்களை நான் அழித்திருந்தேன். பெருநாளுக்கு உடுப்பை எதிர்பார்த்திருக்கும் நாற்பது பேர்.

இடம் ஏன் கூடவில்லை என்ற கேள்விக்குள்தான் என்னைக் காப்பாற்றும் பதிலும் இருந்தது. அங்கே அழிக்கும் படங்கள் உடனே மறைந்துவிடுவதில்லை. குப்பைத் தொட்டிக்குத்தான் போகின்றன. கூகிள் கணக்கில் பிரதி எடுக்கப்பட்ட படமாயின் 60 நாட்களும், எடுக்கப்படாத படமாயின் 30 நாட்களும் அங்கே இருக்கும். அதுவரை மீட்டெடுக்கலாம். தொட்டியைத் திறந்து, நாற்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து மீட்டெடுத்தேன். ரோஸ் நிற அபாயாவின் அளவை உம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் நடந்ததைச் சொன்னேன். உம்மா ஏசவில்லை. சற்று நேரம் மெசினில் கை வைத்தபடி பேசாமல் இருந்தார். ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அன்று படித்த இன்னொரு பாடமும் உண்டு. கூகிள் கணக்கில் பிரதி எடுத்த படத்தைச் சாதாரணமாக அழித்தால், டெப்பில் உள்ளதோடு கணக்கில் உள்ள பிரதியும் சேர்ந்தே போகும். டெப்பில் மட்டும் இடம் வேண்டுமானால் அதற்கென்றே "இடத்தைக் காலியாக்கு" என்ற தெரிவு இருக்கிறது. அது ஏற்கனவே பிரதி எடுக்கப்பட்டவற்றை மாத்திரம் டெப்பிலிருந்து அகற்றும்.

உண்மையிலேயே வேண்டாதவை மட்டும் தொட்டியில் மிஞ்சியிருப்பதை உம்மாவும் நானும் இருவருமாகச் சரிபார்த்த பிறகு அதைக் காலி செய்தோம். அப்போதுதான் 0.8 கிகாபைற்று கூடியது.

பிரதி இல்லாதது நம்முடையதல்ல

இப்போது எங்கள் டெப்பில் 7.5 கிகாபைற்று இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம், முக்கியமானவை இப்போது ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதுதான். அளவுப் படங்கள் கூகிள் கணக்குக்குப் போகின்றன. அங்கே இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைற்று. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றுக்கும் சேர்த்தே அந்த அளவு. அதனால் அதையும் பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். வினாத்தாள்களை ஒரு நினைவக அட்டைக்கு மாற்றினேன். அட்டையைப் போடும்போது அதை உள்ளகச் சேமிப்பகமாக வடிவமைக்கவா என்று டெப் கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். அப்படி வடிவமைத்தால் அட்டையில் முன்பிருந்தவை அழியும். பிறகு அந்த அட்டையை வேறு கருவியில் போட்டு வாசிக்கவும் முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் புதுப்பித்தலைக் கண்டு பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவதும் அதன் மூலம்தான். ஆனால் அழுத்துவதற்கு முன் சில கிகாபைற்றாவது இடம் இருக்கிறதா, முக்கியமானவற்றுக்குப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சைக்கு முதல் நாளோ பெருநாள் வேலைக்கு நடுவிலோ அதைச் செய்ய வேண்டாம். ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்வதாக விளம்பரம் காட்டும் செயலிகளும் வேண்டாம். அவை தாமும் இடம் பிடிக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று உங்கள் வீட்டைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது.

தோழிகளுக்கும் ஒன்று. வீட்டில் டெப்பைப் பற்றிக் கூடத் தெரிந்தவள் நீங்களாக இருக்கலாம். ஆனால் அதற்குள் இருப்பது யாருக்கு என்ன பெறுமதி என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு மங்கலாகத் தெரிந்த படம்தான் உம்மாவுக்கு அந்த மாதத்தின் வருமானம். அழிக்கும் முன் ஒருமுறை கேளுங்கள்.

பெருநாளுக்கு முதல் நாள் இரவு கடைசி அபாயாவும் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் உம்மா கடையிலிருந்து ஒரு நூற்றிருபது பக்கக் கொப்பி வாங்கி வந்தார். இப்போது அளவுகளைப் படமும் எடுக்கிறார், கொப்பியிலும் எழுதுகிறார். "டெப்புக்கு இடமில்லாமப் போனாலும் இதுல எழுதலாம்" என்கிறார். டீச்சரிடம் இதைச் சொன்னேன். "பிரதி எடுக்கிறது என்று நான் சொன்னதும் அதைத்தானே" என்று சிரித்தார்.