நெருப்புக்கு முன்னே ஏறும் புகை
மாடிக் கட்டிடங்களின் ஓசையற்ற காவலர்

நெருப்பில்லாமற் புகையாது என்பது பழமொழி. ஆனால், நெருப்பு எட்டியும் பாராத இடத்துக்குப் புகை ஏறிச் சென்று, உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்த்துவிடும் என்பதைப் பழமொழி நமக்குச் சொல்லவில்லை. அதனை உலகுக்கு உணர்த்த ஒரு பெரிய ஹோட்டல் எரியவேண்டியிருந்தது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே, பாலைவனத்தின் நடுவே, லாஸ் வேகாஸ் என்றொரு நகரம் உண்டு. சூதாட்டத்துக்கும் கேளிக்கைக்கும் பேர்போன நகரம் அது. 1973ஆம் ஆண்டில் அங்கே எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் பெயருடன் 26 மாடிகள் கொண்ட ஹோட்டல் ஒன்று திறக்கப்பட்டது. கீழே பரந்த சூதாட்ட மண்டபமும் உணவுச்சாலைகளும். மேலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அறைகள்.

1980 நவம்பர் 21ஆம் திகதி காலை ஏழு மணியளவில், ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அக்கட்டிடத்தினுள் இருந்தனர். பலர் இன்னும் துயில் நீங்கவில்லை. கீழ்த்தளத்தில் மூடியிருந்த உணவுச்சாலை ஒன்றின் சுவருக்குள்ளே, மின்கம்பியில் ஏற்பட்ட பழுது எவருமறியாது கனன்று, தீயாக மூண்டது. சூதாட்ட மண்டபத்தினுள் பாய்ந்த தீ, சில நிமிடங்களுள் அதனை முழுவதும் பற்றிக்கொண்டது. அம்மண்டபத்தில், வெப்பம் ஏறியதும் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இருக்கவில்லை.

தீயணைப்பு நிலையமோ அண்மையிலேயே இருந்தது. படையினர் விரைந்து வந்து பொருதனர். தீ கீழ்த்தளத்தை விட்டுப் பெரும்பாலும் மேலே ஏறவில்லை. கூரைக்கு ஏறியோரை ஹெலிகொப்டர்கள் மீட்டன. இருந்தும், 85 பேர் உயிரிழந்தனர்.

அவர்கள் எங்கே இறந்தார்கள் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி. அவர்களுள் 61 பேர், தீ எரிந்த கீழ்த்தளத்தில் அன்று, அதற்கு மேலே உயர்ந்து நின்ற மாடிகளிலே மாண்டனர். சிலர் தம் அறைகளில், சிலர் நடைவழிகளில், சிலர் படிக்கட்டில், சிலர் மின்தூக்கியில். தீ அவர்களைத் தீண்டவில்லை. புகையும், அதனோடு கலந்து வந்த காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுமே அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றன. அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை.

புகை எவ்வழியாக ஏறிற்று? மின்தூக்கி ஓடும் கூண்டு வழியாக ஏறிற்று. படிக்கட்டுகளினூடாக ஏறிற்று. நிலநடுக்கத்தின்போது கட்டிடத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க விடப்பட்ட இடைவெளிகள் வழியாகவும் ஏறிற்று. குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்களில், தீ வந்தால் மூடிக்கொள்ளவேண்டிய தடுக்குகள் உண்டு. அவற்றுட் சில மூடமாட்டாதபடி முடுக்கப்பட்டிருந்தன. படிக்கட்டினுள் புகுந்தோர் புகையைக் கண்டு திரும்ப முயன்றபோது, பின்னே சாத்திக்கொண்ட கதவுகள் உட்புறமிருந்து திறக்கவில்லை. மாளிகை எரியாது நின்றது. அதன் ஓட்டைகள் வழியே உயிர்கள் போயின.

தீயிலிருந்து ஒரு கட்டிடத்தைக் காப்பதற்கு இருவகைக் காவல் உண்டு. ஒன்று, தீ எழுந்தபின் விழித்துச் செயற்படுவது. எச்சரிக்கை மணி, நீர் தெளிக்கும் குழாய், தீயணைப்புப் படை என்பன இவ்வகையின. மற்றொன்று, கட்டிடத்தின் உடம்போடு உடம்பாய் நின்று காப்பது. சுவர், தளம், கதவு, தூணின் மேற்பூச்சு என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை பெரும்பாலும் மின்சாரம் வேண்டா. ஒருவர் வந்து இயக்கவேண்டுவதும் இல்லை. இரண்டு காவலும் தேவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஆயினும், இரண்டாவது காவல் கண்ணிற் படாது நிற்பதால், அதனைக் குலைப்பதும் எவர் கண்ணிலும் படாமலே நடந்துவிடுகிறது.

முதற்கண், தூணையும் உத்தரத்தையும் எடுத்துக்கொள்வோம். உருக்கு எரியாதே, அதற்குக் காவல் எதற்கு என்று கேட்போர் உண்டு. எரியாதுதான், ஆனால் இளகும். ஏறத்தாழ 550 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது தன் வலிமையிற் பாதியளவை இழந்துவிடுகிறது. எரியும் அறையொன்றின் வெப்பமோ அதனையும் கடந்து செல்லும். ஆதலின் உருக்குத் தூணைக் கொங்கிறீற்றால் மூடுவர். அல்லது வெப்பத்தை மறிக்கும் சாந்தைத் தெளித்து அப்புவர். அல்லது சூடேறியவுடன் நுரைத்துத் தடிக்கும் வர்ணத்தைப் பூசுவர். ஜிப்சம் பலகையும் நல்ல காவலன். அதன் உள்ளே நீர் இரசாயன முறையிற் பிணைந்திருக்கிறது. தீ பட்டதும் அந்நீர் ஆவியாகி வெளியேறும். அது வெளியேறித் தீரும்வரை, பலகையின் மறுபுறம் அதிகம் சூடேறாது.

இரண்டாவது, பிரித்து வைத்தல். பெரிய கப்பலின் அடிப்பகுதியைப் பல அறைகளாகத் தடுத்திருப்பர். ஓரறையில் நீர் புகுந்தாலும் மற்றவை கப்பலைத் தாங்கும். கட்டிடத்திலும் அவ்வாறே. தீத்தடுப்புச் சுவரையும் கதவையும் உலையின் வெப்பத்தில் நிறுத்திச் சோதித்து, இது ஒரு மணி நேரம் தாங்கும், இது இரண்டு மணி நேரம் தாங்கும் என்று தரம் பிரிப்பர். அந்த நேரம் வெறும் எண் அன்று. முதியவர் ஒருவர் படியிறங்குவதற்கும், படையினர் ஏறிவருவதற்கும் வேண்டிய அவகாசம் அது.

மூன்றாவது, துவாரங்களை அடைத்தல். இதுவே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. ஓட்டைப் பானை எத்தனை தடிப்பாயிருந்தாலும் நீர் நில்லாது. துவாரம் விழுந்த சுவர் எத்தனை தடிப்பாயிருந்தாலும் புகை நில்லாது. மின்கம்பியும் நீர்க்குழாயும் சுவரை ஊடறுத்துச் செல்லும் இடங்களை அதற்கென உள்ள பொருளால் அடைத்தல் வேண்டும். கட்டும்போது இதனை ஒழுங்காகச் செய்துவிட்டாலும், பின்னொரு நாள் புதிய கம்பி இழுக்க வருபவர் சுவரைத் துளைத்துவிட்டுப் போய்விடுகிறார். அதற்கு மேலே கூரைத்தட்டு மறைத்திருப்பதால், அத்துளை ஆண்டுக்கணக்காக அங்கேயே காத்திருக்கும்.

இக்காவல் பலித்ததற்கும் தவறியதற்கும் ஒரே கட்டிடம் சான்றாக நிற்கிறது. 1988 மே 4ஆம் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 62 மாடிகள் கொண்ட வங்கிக் கட்டிடமொன்றின் 12ஆவது தளத்தில் தீ மூண்டது. நீர் தெளிக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. அன்றிரவு அவை செயற்படவில்லை. தீ பல மணி நேரம் எரிந்து 16ஆவது தளம்வரை ஏறியது. அவ்வாறு அது ஏறிய வழிகளுள் ஒன்று, தளத்தின் விளிம்புக்கும் வெளிப்புறக் கண்ணாடிச் சுவருக்கும் இடையேயிருந்த இடைவெளி. ஆனால் உருக்குத் தூண்களின்மேல் காப்புச் சாந்து செவ்வனே அப்பப்பட்டிருந்தமையால், அவ்வளவு தீயிலும் கட்டிடம் நிலைகுலையவில்லை. பராமரிப்பு ஊழியர் ஒருவர் மின்தூக்கியில் ஏறித் தீ எரிந்த தளத்தில் அகப்பட்டு மாண்டார்.

தீ வேளையில் மின்தூக்கியில் ஏறலாகாது என்பதற்கு அவருடைய மரணம் ஒன்றே போதும்.

இவையெல்லாம் பொறியியலாளரின் வேலை, நமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணலாகாது. நம் பிள்ளைகள் பல மாடிக் கந்தோர்களில் வேலை செய்கின்றனர். நாமும் பண்டிகைக் காலத்தில் குடும்பத்தோடு கடைத்தொகுதிகளுக்குச் செல்கிறோம். அங்கே படிக்கட்டின் வாயிலில் பாரமான கதவொன்று இருக்கும். விட்டவுடன் தானே சாத்திக்கொள்ளும். அது பலருக்குத் தொல்லையாகத் தோன்றும். காற்று வரட்டும் என்றோ, சாமான் ஏற்றுவது இலகு என்றோ, அதன் கீழே ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவர். அத்துண்டின் விலை சில சதந்தான்; அது குலைப்பதோ, மேல்மாடியிலுள்ள அத்தனை பேருக்கும் உரிய அந்த ஒரு மணி நேரத்தை.

ஆதலால் அத்தகைய கதவொன்று திறந்து கிடக்கக் கண்டால், மரத்துண்டை அகற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள். படிக்கட்டில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தால், பொறுப்பாளரிடம் பணிவோடு சொல்லுங்கள். கட்டிடத்துக்கு உரிமையாளராயிருப்போர், கம்பி இழுத்தவருக்குக் கூலி கொடுக்கும் முன்னர், அவர் துளைத்த துளையை அடைத்தாரா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். லாஸ் வேகாஸ் மாளிகையில் அன்று காலை உறங்கிக்கொண்டிருந்தோருக்காக அவ்வாறு ஏறிப் பார்ப்பார் இருக்கவில்லை.