உங்களுக்குத் தெரியுமா? அடைத்துப்போன ஃபில்டரும் ஆயிலை விடும்!

கார் ஆயில் ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டாலும் இன்ஜினுக்கு ஆயில் நிற்காது. சாதாரணமாக, டப்பாவின் விளிம்பைச் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியே ஆயில் நுழைந்து, மடிப்பு மடிப்பான காகிதத்தில் வடிந்து, நடுத்துளை வழியாக இன்ஜினுக்குத் திரும்பும். காகிதத்தில் அழுக்கு அப்பிவிட்டால் பைபாஸ் வால்வு திறந்து, ஆயிலை வடிகட்டாமலே அனுப்பிவிடும். ஆயிலே இல்லாததற்கு அழுக்கு ஆயில் தேவலை என்ற கணக்கு! ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. உள்ளே பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பல கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது 1 வருடம், எது முந்துகிறதோ அது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும்.

கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகினால், ஆயில் பீய்ச்சியடிக்கும். மெக்கானிக்கை ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். புது வளையத்தில் துளி ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும்.

டீசல் ஃபில்டருக்குக் கூடுதலாக ஒரு வேலை: டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது. தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால் உடனே வடித்துவிட வேண்டும். விட்டால் இன்ஜெக்டர்கள் துருப்பிடிக்கும், செலவு எங்கேயோ போய்விடும். மேட்டில் வண்டி இழுக்காமல் திணறினால், எரிபொருள் ஃபில்டர் அடைப்பையும் சந்தேகப்படலாம். பல புதிய பெட்ரோல் கார்களில் அது டேங்குக்குள் பம்புடன் சேர்ந்தே இருக்கிறது. வீட்டில் கழற்றிப் பார்க்கும் சமாச்சாரம் அல்ல.