சிரைவழி ஊட்டமும் சிசுவின் கல்லீரலும்

பாலை ஏற்க இயலாத பச்சிளங்குழந்தைக்குச் சிரை வழியே செலுத்தப்படும் ஊட்டம் உயிரைக் காக்கிறது. அதே ஊட்டம் வாரக்கணக்கில் நீடிக்கும்போது கல்லீரலைப் பழுதாக்கவும் கூடும். ஒரு தலைமுறைக்கு முன்பு, இந்தப் பாதிப்பு முற்றிய குழந்தைகளுக்கு உறுப்பு மாற்று அறுவைசிகிச்சையைத் தவிர வேறு வழி அரிதாகவே இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. அந்த மாற்றம் எங்கள் பெண்ணாடம் போன்ற சிற்றூரில் பிறக்கும் குழந்தைக்கும் எட்டுமா என்பதே என் கேள்வி.

யாருக்கு இந்த ஊட்டம்?

குறைமாதத்தில் பிறந்து, குடல் அழுகல் நோயால் குடலின் பெரும்பகுதியை இழந்த குழந்தைகள்; பிறவியிலேயே குடல் அடைப்பு உள்ள குழந்தைகள்; வயிற்றுக்கு வெளியே குடல் பிதுங்கிய நிலையில் பிறந்த குழந்தைகள். இவர்களுக்குக் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்புகள் ஆகியவை அளவறிந்து சிரைக்குள் செலுத்தப்படுகின்றன. இவ்வாறு மட்டுமே ஊட்டப்பட்டும் ஒரு குழந்தை வளர முடியும் என்பதை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டக்ளஸ் வில்மோர், ஸ்டான்லி டட்ரிக் ஆகிய மருத்துவர்கள் 1968இல் உலகுக்கு அறிவித்தனர். மூன்றே ஆண்டுகளில், 1971இல், இவ்வகை ஊட்டம் பெற்ற குறைமாதக் குழந்தையின் கல்லீரல் பாதிப்பும் மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

கல்லீரல் ஏன் தளர்கிறது?

காரணம் ஒன்றல்ல. உணவு குடலைத் தொடும்போதுதான் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும் ஹார்மோன்கள் சுரக்கின்றன. குடல் வெறுமையாக இருந்தால் பித்தம் தேங்குகிறது. குறைமாதக் குழந்தையின் கல்லீரலோ முதிர்ச்சி அடையாதது. சிரைக்குழாய் வழியே கிருமித்தொற்று ஏற்பட்டால் பாதிப்பு விரைகிறது. இவற்றோடு, நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் சோயா எண்ணெய்க் கொழுப்புத் திரவத்திலும் சிக்கல் உண்டு. அதிலுள்ள தாவர ஸ்டீரால்கள் பித்த ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஒமேகா-6 கொழுப்பின் மிகுதி அழற்சியைத் தூண்டுகிறது.

மீன் எண்ணெய் தந்த திருப்பம்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவைசிகிச்சை நிபுணர் மார்க் பூடர், மருந்தாளுநர் கேத்லீன் குரா ஆகியோரின் குழு, சோயாவுக்குப் பதிலாக மீன் எண்ணெய்த் திரவத்தைச் செலுத்தி, இரு குழந்தைகளின் கல்லீரல் பாதிப்பு மீண்டதை 2006இல் வெளியிட்டது. தொடர்ந்து நடந்த ஆய்வுகளின் பயனாக, 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழந்தைகளுக்கு அதை அனுமதித்தது.

ஆனால், இது மாயமருந்து அன்று. காமாலை நீங்கிய பிறகும் கல்லீரலில் தழும்பு எஞ்சியிருக்கக்கூடும். வீட்டில் கொடுக்கும் மீன் எண்ணெய் மாத்திரை இதற்கு ஈடாகவும் ஆகாது.

ஆகவே, சிகிச்சை என்பது பல செயல்களின் தொகுப்பு. சோயாக் கொழுப்பின் அளவை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராம் என்ற அளவுக்குக் குறைப்பது. சோயா, தேங்காய் சார்ந்த கொழுப்பு, ஆலிவ், மீன் எண்ணெய்கள் கலந்த திரவத்துக்கு மாறுவது. சிரைக்குழாயைத் தூய்மையாகப் பேணுவது. நேரடி பிலிருபினை அடிக்கடி பரிசோதிப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடல் அனுமதிக்கும் முதல் நாளிலிருந்தே சில மில்லி தாய்ப்பாலையேனும் வயிற்றுக்குள் சேர்ப்பது. அந்தச் சொட்டுகள் பசியாற்றப் போதாதவைதான். குடலையும் பித்தத்தையும் விழிக்கச் செய்யப் போதுமானவை.

எட்டும் தொலைவில் வேண்டும்

பெண்ணாடத்தில் பிறக்கும் இத்தகைய குழந்தை விருத்தாசலம், கடலூர் எனக் கடந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கும். குழந்தை ஓரிடம், தாய் வேறிடம் எனப் பிரியும் அந்த நாள்களில்தான் முதல் தாய்ப்பால் வீணாகிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய வங்கிகள் அமைக்கப்பட்டன. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை நடைபெறும் ஒவ்வொரு மையத்துக்கும் அவை விரிவடைய வேண்டும். தாயையும் குழந்தையோடு அனுப்புவது விதியாக வேண்டும். மாற்றுக் கொழுப்புத் திரவங்கள் அரசு மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இச்சிகிச்சை மாதக்கணக்கில் நீளக்கூடியது என்பதை உணர்ந்து காப்பீட்டுத் தொகை வரையறுக்கப்பட வேண்டும்.

பெற்றோரும் ஓர் அறிகுறியை நினைவில் கொள்ள வேண்டும். பிறந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகும் மஞ்சள் நிறம் நீடித்தால், அல்லது மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தால், ‘வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கலாகாது. சிரைவழி ஊட்டம் பெறாத குழந்தைக்கும் இது பொருந்தும்; பித்தநாள அடைப்புக்கான அறுவைசிகிச்சை 60 நாள்களுக்குள் நடந்தால் பலன் கூடுதல்.

குழந்தையைப் பிழைக்கவைக்கும் திறனை நம் மருத்துவம் பெற்றுவிட்டது. அவ்வாறு பிழைத்த குழந்தையின் கல்லீரலையும் காப்பது, பெரும்பாலும் நிர்வாகம் முடிவுசெய்ய வேண்டிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.