செருப்பு, சார்ஜர், சோபா... எல்லாத்தையும் கடிக்குதா உங்க நாய்க்குட்டி?

ஆசையா வாங்கிய புது செருப்பு, ஒரே ராத்திரியில் பீஸ் பீஸாகிக் கிடக்கிறதா? கோபத்தில் கையை ஓங்கிடாதீங்க பாஸ். அது சேட்டை இல்லை, பல் முளைக்கிற வலி!

நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள். ஏறக்குறைய 4-வது மாதத்தில் இவை விழ ஆரம்பித்து, 6, 7 மாதங்களுக்குள் 42 நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும், வலிக்கும். கடித்தால்தான் நிம்மதி. ஆக, கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

* ஈரத்துணியை முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதம். கூடவே இருங்கள், துணி கிழிந்தால் வாங்கிவிடுங்கள்.

* 'பழசுதானே' என்று பிய்ந்த செருப்பைக் கொடுக்காதீர்கள். பழசு எது, புதுசு எது என்று அதற்குத் தெரியாது.

* சோபாவைக் கடித்தால் கத்தாமல் பொம்மையை நீட்டுங்கள். அதைக் கவ்வியதும் பாராட்டுங்கள்.

* சமைத்த எலும்பு வேண்டாம். சில்லுகளாக உடைந்து தொண்டையில், குடலில் குத்தலாம்.

* ரொம்ப முக்கியம், சார்ஜர். பிளக்கில் இருக்கும் ஒயரைக் கடித்தால் ஷாக் அடித்து உயிரே போகலாம். சார்ஜ் ஏறியதும் கழற்றி, உயரத்தில் வையுங்கள்.

கொஞ்சம் பொறுங்க... பல் முளைச்சு முடிஞ்சா கடியும் குறையும். அடி வாங்கின பயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகாது!