திரும்பத் திரும்பக் கேட்கும் பெட்டி – 6: யூரிப்பிடீஸின் எரிச்சல்

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில், எதிர்முனைக் கம்ப்யூட்டரின் திரை கண்ணில் படுவதற்கு முன்பே பாஸ்வேர்டு கேட்கிற அந்தச் சின்னப் பெட்டி, விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்த என்.எல்.ஏ. (நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்) என்ற ஏற்பாட்டின் வேலை. இதற்கு மேல் முன்கதை வேண்டுவோர் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

'சேமித்து வைத்த பாஸ்வேர்டை ஏன் மறுபடி கேட்கிறது என்பதை இந்த வாரம் முடித்துவிடலாம்' என்று எழுதியிருந்தேன். முடியாது போலிருக்கிறது. வாரத்தின் பாதியை ஒரு நாடகம் தின்றுவிட்டது.

நாடகம் என்றால் நிஜமாகவே நாடகம். 1988 பிப்ரவரியில் பில் பிரையன்ட் என்பவர் எழுதியது. நான்கு காட்சி, இரண்டே பாத்திரம். அதீனா, முன்னுக்கு வந்துகொண்டிருக்கும் சிஸ்டம் டெவலப்பர். யூரிப்பிடீஸ், அதே ஆபீஸில் சீனியர். எதைச் சொன்னாலும் ஓட்டை கண்டுபிடிக்கிற ஆசாமி. காதல் கிடையாது, கொலை கிடையாது. நெட்வொர்க்கில் உள்ள ஒரு கம்ப்யூட்டர், 'நான் இன்னார்' என்று வந்து நிற்பவரை எப்படி நம்புவது? நான்கு காட்சியிலும் இதைத்தான் பேசுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவான கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையை விளக்கத்தான் இந்தக் கற்பனை. கையேடு எழுதச் சொன்னால் நாடகம் எழுதுகிற மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இதில் யூரிப்பிடீஸின் எரிச்சல் ஒன்று வருகிறது பாருங்கள், அது நம்முடைய எரிச்சலேதான். காலையில் மெயில் பார்க்க ஒரு தடவை பாஸ்வேர்டு, பிரின்ட் எடுக்க ஒரு தடவை, மத்தியானம் மறுபடி மெயில் பார்க்க இன்னொரு தடவையா என்று கேட்கிறார். இத்தனை வருஷம் ஆகியும் கேள்வி பழசாகவில்லை. அதீனா யோசித்துக் கொண்டுவரும் விடை, டிக்கெட். காலையில் ஒரே ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்து ஒரு மூல டிக்கெட் வாங்கிக்கொள்ள வேண்டியது. பிறகு மெயிலுக்கு, பிரின்டருக்கு, ஃபைலுக்கு என்று எது வேண்டுமானாலும் அந்த மூல டிக்கெட்டைக் காட்டித் தனித்தனி டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு கம்பியில் பயணம் செய்வதே இல்லை.

சீனியர் விடுவாரா? போகிற வழியில் எவனாவது டிக்கெட்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு அதையே நீட்டினால்? அதற்காகத்தான் டிக்கெட்டில் நேரமும் ஆயுளும் குறிக்கப்படுகின்றன. அதுவும் போதாதென்று, ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் 'இதை இந்த நிமிஷம் நான்தான் நீட்டுகிறேன்' என்று புதிதாக ஒரு சீட்டை, நேரம் போட்டு, பூட்டி, கூடவே அனுப்ப வேண்டும். நேற்றைய சீட்டு இன்று செல்லாது.

இந்தக் கெர்பரோஸைத்தான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000-லிருந்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே நிர்வாகத்தில் சேர்க்கிற டொமைன் நெட்வொர்க்குகளின் முதல் காவல்காரனாக உட்கார வைத்தது. மூல டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். இரண்டு முனைக் கடிகாரங்களுக்கும் நடுவே அனுமதிக்கப்படும் வித்தியாசம் 5 நிமிஷம். இந்த 5 நிமிஷம் செய்கிற அட்டகாசத்தைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை.

கோவைப் பக்கம் ஒரு கம்பெனி. அங்கே அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அண்ணன் ஒருவர், ஒரு டிசம்பர் மாதம் வீட்டிலிருந்து லேப்டாப் வழியாக ஆபீஸ் சர்வருக்குள் போக முயன்றிருக்கிறார். லேப்டாப்பில் அப்போதுதான் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட வேண்டிய 20ஆம் தேதி. உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் புதியது வாங்கினார், அதுவும் எடுபடவில்லை. கடைசியில் சிஸ்டம் பார்க்கும் பையன், "அண்ணே, அந்த மெசேஜை முழுசாப் படிங்க" என்றான். எதிர்முனைக் கம்ப்யூட்டரை உறுதி செய்ய முடியவில்லை, நேரத்திலோ தேதியிலோ வித்தியாசம் இருக்கிறது என்று அது தெளிவாகவே சொல்லியிருக்கிறது. "டைம் கரெக்டாத்தானே இருக்கு தம்பி, சுவர்க் கடிகாரமும் பதினொண்ணுதான் காட்டுது" என்று இவர் சாதித்திருக்கிறார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. விண்டோஸ் போட்ட புண்ணியவான் நேர மண்டலத்தை அமெரிக்காவின் பசிபிக் கரையிலேயே விட்டுவிட்டார். நேரம் தப்பாகத் தெரிந்ததால் வேறு யாரோ கையாலேயே 11 மணி என்று திருத்தி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு 11. ஆனால் கெர்பரோஸ் சுவர்க் கடிகாரம் பார்ப்பதில்லை. உலகப் பொது நேரத்தைத்தான் பார்க்கிறது. அந்தக் கணக்கில் லேப்டாப் 13 மணி 30 நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மண்டலத்தைச் 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி' என்று மாற்றியதும் கடிகாரம் நள்ளிரவு தாண்டி 12.30-க்குத் தாவியது. பிறகு 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்தியதும் சரியான நேரத்துக்கு வந்தது. அதன் பிறகு அதே பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது.

சரி, தலைப்புக்கு வருவோம். சேமித்த பாஸ்வேர்டை மறுபடி கேட்பதற்கும் கெர்பரோஸுக்கும் நேரடி உறவு உண்டு. நம்மில் பெரும்பாலோர் சர்வரின் பெயரைத் தட்டாமல் ஐ.பி. எண்ணைத் தட்டுகிறோம். கெர்பரோஸ் டிக்கெட் பெயருக்குத்தான் எழுதப்படுகிறது. வெறும் எண்ணைக் கொடுத்தால் விண்டோஸ் வழக்கமாக என்.டி.எல்.எம். என்ற பழைய முறைக்கு இறங்கிவிடும். அதில் எதிர்முனை அசல் சர்வர்தானா என்பதற்கு அதே உறுதி கிடையாது. டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டராக இருந்தால், அப்படிப்பட்ட இடத்துக்குச் சேமித்த பாஸ்வேர்டை அனுப்ப விண்டோஸ் மறுத்துவிட்டு, கையால் அடிக்கச் சொல்கிறது. நியாயமான பிடிவாதம் என்றே சொல்வேன். எண்ணுக்குப் பதில் முழுப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பேருடைய தொல்லை அங்கேயே தீரும். குரூப் பாலிசியில் புகுந்து எல்லாச் சர்வருக்கும் அனுமதி போட்டுவிடு என்று வழி சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கதவு திறக்கவில்லை என்பதற்காகத் தாழ்ப்பாளையே கழற்றுகிற வேலை அது.

இன்னொன்று. பெட்டி வெளியே பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் பேசும்: உங்கள் விவரங்கள் செல்லவில்லை. வாசலில் நிற்கும் திருடனுக்கு 'பெயர் சரி, பாஸ்வேர்டுதான் தப்பு' என்று சொல்லித்தர முடியுமா? ஆனால் உள்ளே அது பொய் சொல்வதில்லை. சர்வரின் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டிப் பகுதியில், 4625 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்து 'சப் ஸ்டேட்டஸ்' என்ற வரியின் வாலைப் பாருங்கள். 64 என்று முடிந்தால் அப்படி ஒரு பயனரே இல்லை. 6ஏ என்றால் பாஸ்வேர்டு தப்பு. 71 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது. 133 என்றால், நம் கோவை அண்ணன் விவகாரம்: கடிகாரம்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் நம்பர் ரிமோட்டில் ஏன் எடுபடுவதில்லை, விண்டோஸ் 11-ல் கிரெடென்ஷியல் கார்ட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஏன் சேமித்த பாஸ்வேர்டைத் தொடவே விடுவதில்லை என்ற இரண்டும் பாக்கி. இடம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம். அதுவரை பெட்டி மறுபடி கேட்டால் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். வந்த மெசேஜைக் கடைசி வரி வரை எழுதி வைத்துக்கொண்டு, முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள்.